அப்பாவின் நினைவு மலருக்கு புரூஃப் பார்த்தது

இதுவரைக்கும் எத்தனை பேரை நல்லவராக்கி அனுப்பியிருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. திருகோணமலை டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் டைப் செட்டிங், லேஅவுட், புரூஃப் எல்லாம் நான்தான். 1998இல் சேர்ந்தது, இன்றைக்கும் அதே கதிரை, பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகின அதே கை. கல்யாணக் கார்டு, சாமத்திய வீட்டுக் கார்டு, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் வரும். ஆனால் கடை வாடகையைக் கட்டுவது செத்தவர்கள்தான்.

வேறு ஊர்க்காரர் யாராவது வாசித்தால் விளங்குவதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். நினைவு மலர் என்கிறோம், பழைய ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, சம்பந்தர் எங்கள் கோணேசருக்குப் பாடின பதிகம், அப்புறம் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். எங்கள் வீடுகளில் எழுத்தில் இருக்கிற குடும்பச் சரித்திரம் அநேகமாக இது ஒன்றுதான். காணி உறுதியை விட்டால்.

என் கம்ப்யூட்டரில் 'வரலாறு' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு அகராதியும் சேர்ந்துவிட்டது. குடித்துக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர் என்றால் 'நட்புக்கு இலக்கணமானவர்'. ஒருத்தரோடும் ஒத்துப்போகாதவர் 'மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுபவர்'. ஒரு வேலைக்கும் போகாதவர் 'ஊர்ப் பணிக்கே தன்னை அர்ப்பணித்தவர்'. பெண்சாதி பிள்ளைகளை அடிக்கிறவர் 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர்'. இந்தக் கடைசி வரிக்கு ஒரு ஷார்ட்கட் கீயே வைத்திருந்தேன், அவ்வளவுக்கு வரும். இதையெல்லாம் பொய் என்று நான் நினைத்ததில்லை. செத்தவீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுகிறவரின் வேலை மாதிரி இதுவும் ஒரு வேலை.

2022 ஜூனில் என்னுடைய அப்பா போனார், வயது 75. இலங்கைப் போக்குவரத்துச் சபையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு நாட்டில் டீசலே இல்லாத மாதம் பார்த்துத்தான் சாவு வந்தது. பெட்டி ஏற்றின வாகனக்காரர், தான் கியூவில் நின்ற நேரத்தையும் சேர்த்துத்தான் விலை சொன்னார். குறை சொல்லவும் முடியாது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள், அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போக மூன்று ஆட்டோ பிடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. கடதாசியும் அப்படித்தான், அந்த வருஷம் மேல்மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். நான் எட்டுப் பக்கத்தில் முடிப்போம் என்றேன். கனடாவிலிருந்து அக்கா போனில், "விலையைப் பார்க்காத. பதினாறு பக்கம், கலர்ல போடு. நான் அனுப்புறன்" என்றா.

வரலாறை நான்தான் எழுதினேன். கரண்ட் வருகிற நேரம் பார்த்து நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாக ஓடியது, அந்த ஷார்ட்கட் கீ உட்பட. 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்த அமரர் அவர்கள், இல்லறமே நல்லறமாகக் கொண்டு, நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலையிலும் தன் குடும்பத்தைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வந்தார்.' வந்தவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்றார்கள். மாமி ஒருத்தி வாசித்து அழுதா.

கன்னியாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இராவணன் தாய்க்குக் கடன் கழிப்பதற்காக வாளால் ஏழு இடத்தில் குத்த, ஏழு வெந்நீர்க் கிணறுகள் வந்தன என்பது ஊர்க்கதை, அதனால்தான் நாங்களும் பெற்றவர்களுக்குக் கடன் செய்ய அங்கே போகிறோம். ஆனால் அந்தக் கதையில், தாய் செத்துவிட்டாள் என்று இராவணனுக்கு வந்த செய்தியே பொய். வேஷம் போட்டு வந்த விஷ்ணு சொன்ன பொய். அதை நம்பித்தான் அவன் வாளை எடுக்கிறான். வவுனியா பஸ்ஸில் கன்னியாச் சந்தியை அப்பா எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பாரோ தெரியாது. அன்றைக்கு நான் அங்கே ஆட்டோவிலிருந்து இறங்கினபோது மடியில் முந்நூறு பிரதி இருந்தது. மை நல்லாகக் காயக்கூட இல்லை, கையெல்லாம் ஒட்டியது.

அதோடு விட்டிருப்பேன். இரண்டு வருஷம் விட்டுத்தான் இருந்தேன்.

2024இல் தம்பலகாமம் பக்கமிருந்து ஒரு பொடியன் வந்தான், இருபது வயதிருக்கும். தகப்பனுக்கு மலர் அடிக்க வேண்டும். கொப்பி ஒற்றை ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதில் இப்படி இருந்தது: 'அப்பா குடிச்சால் எங்களுக்கு அடிப்பார். குடிக்காத நாளில் எங்களோட இருந்து கரம் போர்டு விளையாடுவார். வேணுமெண்டே தோற்பார்.' நான் வழக்கம்போல கண்டிப்பும் கனிவும் போட்டு, மிச்சத்தை ஃபைலிலிருந்து இழுத்துவிட்டு, புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை வாசித்தான். அடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கரம் விளையாடினது வரல்லயே அக்கா."

"இடம் காணாது தம்பி" என்றேன்.

"சரி அக்கா" என்று சொல்லி கையெழுத்து வைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு பார்த்தால், அந்தப் பக்கத்தில் கீழே நாலு விரல் இடம் சும்மா கிடந்தது. அதில் ஒரு விளக்குப் படத்தைப் போட்டு நிரப்பினேன். அன்று பின்னேரம் கடைக்குப் பின்னால் கொட்டின கழிவுக் கடதாசியை இரண்டு மான் நின்று மென்றுகொண்டிருந்தது. டவுனுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் மான்கள் பஸ் ஸ்டாண்டிலும் நிற்கும், குப்பையிலும் மேயும். அந்த மான் மென்றது அவனுடைய முதல் புரூஃப்பாகக்கூட இருக்கலாம் என்று ஏனோ தோன்றியது. நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அலுமாரியில் அப்பாவின் மலர் நாற்பது பிரதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து, சிவப்புப் பேனையோடு குந்தினேன். டயரி எழுதுவது, கதை எழுதுவது எல்லாம் எனக்கு வராது. புரூஃப் பார்க்க வரும். ஒவ்வொரு வசனமாகப் போவோம், பிழை இருந்தால் வெட்டுவோம், சரியானதை ஓரத்தில் எழுதுவோம் என்றுதான் தொடங்கினேன்.

சாம்பல்தீவில் பிறந்தார், சரி. படிப்பு, சரி. 1973இல் கல்யாணம், அன்புவழிபுரத்தில் குடியேறினார், அதுவும் சரி. (அன்புவழிபுரம் உண்மையிலேயே எங்கள் இடத்தின் பெயர். சின்ன வயதில் கடிதத்தில் முகவரி எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும், அக்காவுக்கும் வரும், எதற்கென்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டதில்லை.) 'இல்லறமே நல்லறமாக' என்ற இடத்தில் பேனை நின்றது. வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதினேன்: 1975, அக்காவுக்கு ஒரு வயது, வவுனியாவிலிருந்து பஸ் பிந்தி வந்த இரவு, சோறு ஆறிப்போயிருந்தது என்று அம்மாவின் வாயில் அடித்தார், கீழ்ப் பல் ஒன்று போனது.

இந்த ஒரு வசனத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போனது. உணர்ச்சிவசப்பட்டு அல்ல, தமிழில் சிக்கி. முதலில் 'அம்மாவுக்கு அடி விழுந்தது' என்று எழுதினேன். நாங்கள் அப்படித்தானே சொல்வோம், அடி விழும் என்று. மரத்திலிருந்து தேங்காய் விழுகிற மாதிரி, கீழே நின்றது அம்மாவின் பிழை. வெட்டினேன். 'கை நீட்டினார்' என்று எழுதினேன், அது பிச்சை கேட்கிற ஆளுக்கும் பொருந்தும். கடைசியில் அடித்தார் என்று எழுதின பிறகு அந்த 'ஆர்' கண்ணைக் குத்தியது. பல்லை உடைக்கிற இடத்திலும் எங்கள் மொழி அவருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு நிற்கிறது. சரி, 'அடித்தான்' என்று எழுதிப் பார்த்தேன். அது இன்னும் பெரிய பொய். நான் வாழ்நாளில் அப்பாவை அவன் என்று மனதுக்குள்ளேகூட நினைத்ததில்லை, இப்போது செத்த ஆளிடம் போய் வீரம் காட்டுகிற மாதிரி இருந்தது. 'ஆர்' இருக்கட்டும் என்று விட்டேன். அந்த மரியாதையும் அந்த அடியும் எங்கள் வீட்டில் ஒன்றாகத்தான் இருந்தன.

அடுத்தது 'அசாதாரண சூழ்நிலை'. இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் கடையில் அச்சாகிற மலர்களில் ஐந்தில் மூன்றிலாவது இந்தச் சொல் இருக்கும். 1983ஐயும், கிராமம் கிராமமாக எரிந்த 1985ஐயும், 1990ஐயும் எல்லாவற்றையும் இந்த இரண்டு சொல்லுக்குள் மடித்து வைத்துவிடலாம். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று கேள்வி வராது. என் ஃபைலிலும் அது வசதிக்காகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பா விஷயத்தில் அதற்கு இன்னொரு வேலை இருந்திருக்கிறது, அதைச் சிவப்புப் பேனை கையில் இருக்கும்போதுதான் கண்டேன். அக்கா எப்போதும் சொல்வது, "சண்டைதான் அப்பாவை அப்பிடி ஆக்கினது." சொந்தக்காரர் எல்லாரும் சொல்வது அதுதான். நானும் நம்பித்தான் இருந்தேன். பல்லு போனது 1975. கழித்துப் பாருங்கள், சண்டை தொடங்கின 83க்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

ஆனால் 1990ம் நடந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும், இங்கேதான் எனக்குக் கஷ்டம்.

அந்த வருஷம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினது. கொஞ்ச நாள் கோயிலில் இருந்தோம், பிறகு வீட்டுக்கு வந்தோம். வந்த கிழமையிலேயே ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. அப்பாவைச் சாரத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பதினாலு வயது. அம்மா கேட்டுக்கு வெளியே தெருவில் இருந்துவிட்டா, எழும்பவே இல்லை. முதல் இரவு ஒருவரும் தூங்கவில்லை, பயம். போனவர்கள் நிறையப் பேர் திரும்பி வராத காலம் அது.

இரண்டாம் இரவு தூங்கினோம்.

நல்ல தூக்கம். நாலு மணிக்கு பஸ் டிப்போவுக்குப் போகிற ஆளுக்குத் தேத்தண்ணி பிந்தினால் என்ன நடக்கும் என்ற பயம் இல்லாத தூக்கம் எப்படி இருக்கும் என்று அதற்கு முதல் எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் குசினி நிலத்தில் மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். அரிசி வாளிக்குள்ளிருந்து ஒரு தவளை பாய்ந்து அக்காவின் மடியில் விழுந்தது, அக்கா கத்தின கத்தலில் அம்மா சிரித்தா, வாயைப் பொத்தாமல் சிரித்தா, அந்தப் பல் இல்லாத இடம் தெரியத் தெரிய. அப்போது கேட் சத்தம். பக்கத்து வீட்டு அன்ரி, அம்மாவுக்கு ஆறுதல் சொல்லி அழ வந்திருக்கிறா. நாங்கள் முகத்தை மாற்றினோம். மூன்று பேரும், ஒரு சொல்லும் பேசாமல், ஒரே நேரத்தில். பதினொரு நாள் இப்படி நடந்தது. ஆள் வந்தால் அழுவோம். அழுததும் நடிப்பில்லை, அதுதான் இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்காதது, உண்மையாகத்தான் அழுதோம்.

அப்பா திரும்பி வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரை முதலில் கண்டது நான்தான். பாதி உடம்பு இல்லை, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த நிமிஷம் எனக்குள் வந்தது 'ஐயோ, வந்திட்டார்.' அந்த 'ஐயோ' அவருடைய கையைப் பார்த்து வந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் எழுதும்போது அப்படி எழுத முடியவில்லை.

அம்மா நொச்சி இலை அவித்து அந்தத் தண்ணீரில் அவரைக் குளிக்க வார்த்தா. கிணற்றடியில் அப்பா அழுத சத்தத்தை நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு பெரிய ஆம்பிளை அப்படி அழுது அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவருடைய வலது தோள் கடைசி வரைக்கும் சரிவரவில்லை. வீட்டில் அடியும் நின்றது. இடது கை பழகுகிற வரைக்கும். ஏழெட்டு மாதம் இருக்கும்.

அவரைக் கொண்டுபோய் அப்படிச் செய்தது அநியாயம். அதை எழுத எனக்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை, எழுதினால் ஊரே கூட நிற்கும். அந்தப் பதினொரு நாளும் நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்பதை எழுதினால் என்ன சொல்வார்கள்? அப்பனைப் பிடித்துக்கொண்டு போனதுக்குச் சந்தோஷப்பட்ட பிள்ளைகள். அப்படி எடுத்தால் எடுக்கட்டும். இத்தனை வருஷமாக ஒன்றைச் சொன்னால் மற்றதுக்குத் துரோகம் என்று நினைத்து இரண்டையும் விட்டு 'அசாதாரண சூழ்நிலை' என்று டைப் பண்ணினேன். சாதாரண சூழ்நிலையில் நடந்தது என்ன என்று கேட்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

இனி, மலரில் வராத ஒன்று. அந்தப் பொடியனின் கரம் போர்டு மாதிரி.

2006 ஏப்ரல் 12, வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னம், சந்தையில் குண்டு வெடித்தது. வெடித்துக் கொஞ்ச நேரத்தில் கடைகளை எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் அச்சகத்தின் ஷட்டரைப் போட்டுவிட்டு உள்ளே இருட்டில் இருந்தோம், நானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். பின் கதவைத் தட்டுகிற சத்தம். கையும் காலும் ஓடவில்லை. "நான்தான், திற" என்று அப்பாவின் குரல். அன்புவழிபுரத்திலிருந்து பெரிய வீதிகளையெல்லாம் தவிர்த்து, ஒழுங்கைக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார், 59 வயதில், தூக்க முடியாத அந்தக் கையோடு. "ஓடாதேங்கோ. ஓடினாத்தான் பார்ப்பாங்கள். கதைச்சுக் கொண்டு வாறமாதிரி வாங்கோ" என்றார். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவரவர் வீட்டு வாசலில் விட்டு, உள்ளே போய்க் கதவு பூட்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் வவுனியா ரோட்டில் யானை மறித்த பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

அன்று இரவு சொதியில் உப்பில்லை என்று கோப்பையைச் சுவரில் எறிந்தார்.

'கண்ணை இமை காப்பதுபோல்' என்று எழுதின கைக்கு இந்தச் சைக்கிள் ஏன் ஞாபகம் வரவில்லை? வந்திருக்காது. அந்தச் சைக்கிளை எழுதினால் சொதியும் பின்னால் வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

சிவப்புப் பேனைக்குத் தப்பின வசனங்களும் இருக்கின்றன. 'கையைக் காட்டின எந்தப் பயணியையும் வழியில் விட்டுச் சென்றதில்லை' என்பது முழு உண்மை. கர்ப்பிணி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினவர், அந்தப் பிள்ளை வளர்ந்து செத்தவீட்டுக்கு வந்து நின்றது. பஸ்ஸில் அவர் இன்னொரு ஆள். சின்ன வயதில் நான் யோசிப்பேன், நாங்களும் டிக்கெட் எடுத்தால் எங்களோடும் அப்படி இருப்பாரோ என்று.

எழுதாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. அக்காவுக்கும் அப்பாவுக்கும் இடையில் நடந்தது. அது அக்காவுடைய சாமான், என் பேனை அதில் படாது.

எல்லாவற்றையும் சுத்தப் பிரதியாக டைப் பண்ணி அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்ததும் கோல் வந்தது. "உனக்கென்ன விசரா? செத்த மனுசன் வந்து பதில் சொல்லுமா?" அது நியாயமான கேள்வி, இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை. "உயிரோட இருக்கேக்க நாங்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாரா" என்றேன். "ஊர் என்ன சொல்லும்? என்ர பிள்ளைகள் வாசிச்சால்?" அக்காவின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதைச் சொல்லிக் குத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். போனை வைத்துவிட்டா. மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி, பன்னிரண்டு செக்கன். "சைக்கிள்ல வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எண்டு நீ எனக்குச் சொல்லவே இல்லையே." அக்கா கனடா போனது 1999இல். நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. நாங்கள் போனில் அப்பாவைப் பற்றி 'எப்பிடி இருக்கிறார், மருந்து எடுக்கிறாரா' என்பதற்கு மேல் கதைத்ததே இல்லை.

கடைசியாக அம்மா. உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது அம்மாவிடம். உயிரோடு இருக்கிறவ, பல்லுக்குச் சொந்தக்காரி. கண்ணில் வெள்ளை வளர்ந்து வாசிக்க முடியாது, அதனால் நான் வாசித்துக் காட்டினேன். ஒரு பின்னேரம், திண்ணையில். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டா. கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

முடிந்ததும், "மேல் பல்லு எண்டு எழுதியிருக்கிற. கீழ்ப் பல்லு" என்றா.

"சரி, மாத்துறன்."

"பதினொரு நாளும் இல்ல பிள்ள. ஒம்பது நாள். வெள்ளிக்கிழமை பிடிச்சு அடுத்த வெள்ளி தாண்டி சனி வந்தவர். நான் காளி கோயிலுக்கு நேர்த்தி வைச்சனான், எனக்கு நாள் தெரியும்."

நேர்த்தி விஷயம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பா திரும்பி வந்தால் பத்திரகாளி அம்மனுக்குப் பட்டு சாத்துவதாக அம்மா வைத்த நேர்த்தியில்தான் அப்பா தப்பி வந்தார் என்று சொந்தத்துக்குள் பெரிய பேச்சு. மலரில்கூட 'மனைவியின் மாங்கல்ய பலத்தால்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். "அப்ப பட்டு எப்ப சாத்தின நீங்கள்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"சாத்தல்ல."

"ஏனம்மா?"

"வந்தா இனிமேல் கை வைக்கக்கூடாது எண்டுதான் நேர்த்தி வைச்சனான். அவ தன்ர பங்கைச் செய்யல்ல. நான் ஏன் பட்டு சாத்த?" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த தண்டுகளை முற்றத்தில் எறிந்தா. பிறகு, "அவர் மாசச் சம்பளத்தண்டு வவுனியாவில இருந்து உளுந்து வாங்கிக்கொண்டு வாறது எழுதல்லயே? நல்ல உளுந்து. அண்டைக்கு மட்டும் தானே அரைப்பார், தோள் போன பிறகும் அரைச்சவர்" என்றா. எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஆட்டுக்கல்லில் இடது கையால், ஒரு பக்கம் சரிந்து இருந்து, சுற்றுவார்.

இதை இணையத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "போடு. என்ர படம் போடாத" என்றா.

உளுந்தைச் சேர்த்தாயிற்று. பல்லைத் திருத்திவிட்டேன். நாள் கணக்கை மட்டும் மாற்றவில்லை, அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும், ஆனால் எனக்கு அது பதினொரு நாள்.